வலி இல்லாத கை

வடக்குத்து
11-3-1963

அண்ணனுக்கு அம்சவல்லி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே யாரும் நலமில்லை. உன் நலத்தை அறிய எனக்கு இப்போதைக்கு ஆவலும் இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ பண்ருட்டிக்கு வேலை மாறிப் போன மறுநாளே, உன் மாப்பிள்ளையை வேலைக்கு வரச் சொல்லி மேஸ்திரி ஆள் அனுப்பினார். கை இன்னும் சரியாகவில்லையே என்று இவர் போய்ச் சொன்னதற்கு, கான்ட்ராக்டரின் மருந்தகத்திலிருந்து வந்த காகிதத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் படித்தாராம். காயம் ஆறிவிட்டது, கையில் வலி இல்லை, வேலைக்குத் தகுதி. கீழே டாக்டரின் கையெழுத்து.

வலி இல்லை என்று அந்த டாக்டருக்கு யார் சொன்னது? அவர் வடக்கத்திக்காரர். தமிழில் 'வா', 'உக்காரு' தவிர ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நின்று, இவர் தமிழில் சொன்னதை இங்கிலீஷில் சொன்னது, அங்கே கட்டுப் போடும் உத்தியோகத்தில் இருந்த நீதான். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், புகைந்துகொண்டிருந்த நிலக்கரிக் குவியலைக் கிளறப் போய்ச் சறுக்கி, நெருப்பில் வலது கையை ஊன்றினாரே, அன்றைக்கு முதல் கட்டுப் போட்டதும் நீதான். உள்ளங்கைத் தோல் உரிந்து வந்ததைப் பார்த்தவன் நீ. வலி இல்லை என்று எப்படியடா வாய் வந்தது?

அன்று வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுத் தூக்கை ஒரு மூலையில் எறிந்தார். "ஒங்கண்ணன் இனிமே இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது" என்றார். நான் உனக்கு எழுதுவதும் அவருக்குத் தெரியாது. பதில் போடுவதானால் ராஜாம்பாள் அக்காவின் குவார்ட்டர்ஸ் விலாசத்துக்குப் போடு. அவள் வீட்டுக்காரர் சோமசுந்தரம் ஆள் வருகையைப் பதியும் டைம் ஆபீசில் இருப்பதால் இன்னொன்றும் தெரிந்தது. ஜூன் மாதத்தோடு இந்தக் கான்ட்ராக்ட் முடிகிறது. ஒழுங்காக வேலைக்கு வந்தவர்களின் பெயர்களை மட்டும் எழுதிக் கொடுப்பார்களாம், அவர்களைப் பர்மனெண்ட் ஆக்குவார்களாம். தகுதி என்று காகிதம் இருந்தும் வர மறுத்தவன் பெயர் அந்த லிஸ்டில் வராது.

நீ டாக்டரிடம் என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுது.

அம்சவல்லி


பண்ருட்டி
14-3-1963

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்பதா, கோர்ட்டு நோட்டீஸ் என்பதா என்று தெரியவில்லை.

நான் ஒன்றும் வலி இல்லை என்று சொல்லவில்லை. அந்த முடிவுக்கு டாக்டர் தாமாகவே வந்தார். ஊசி ஒன்றை எடுத்து மாப்பிள்ளையின் உள்ளங்கைத் தழும்பில் குத்தினார். ஒன்றல்ல, ஏழு குத்து. நான் எண்ணினேன். ஒரு குத்துக்காவது கையை இழுக்க வேண்டாமா? மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "இன்னும் நாலு குத்து குத்தச் சொல்லுங்க மச்சான்" என்கிறார். சிரிப்பை நான் இங்கிலீஷில் என்னவென்று மாற்றிச் சொல்வது?

எனக்கும் இந்தத் தொழிலில் ஆறு வருஷ அனுபவம் இருக்கிறது. ஊசி குத்தித் தெரியாவிட்டால் வலி கிடையாது, அவ்வளவுதான். ரொம்ப நாள் சும்மா இருந்த கை முதலில் முரண்டு பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மம்மட்டி பிடிக்கச் சொல். பழகிவிடும்.

இங்கே நான் கம்பவுண்டர். மருந்து கலக்குவதோடு, இந்த ஊர் டாக்டருடைய இங்கிலீஷ் கடிதங்களையும் நான்தான் எழுதுகிறேன். என் இங்கிலீஷின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. உனக்கு மட்டும்தான் இல்லை.

வைத்திலிங்கம்


வடக்குத்து
22-3-1963

அண்ணா,

உன் யோசனையைக் கேட்டோம். திங்கட்கிழமை மம்மட்டி பிடித்தார். மூன்றாவது வெட்டிலேயே கட்டைவிரலின் அடியில், தழும்பு முடிகிற இடத்தில் தோல் வெடித்து ரத்தம் வந்துவிட்டது. மம்மட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவரிடம் மேஸ்திரி, "வலிக்குதா? காயிதத்துல வலியில்லன்னுதான எழுதி இருக்குது?" என்று கேட்டாராம். கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். ரத்தம் வந்ததைவிட அதுதான் அவரைத் தின்கிறது. மறுநாளிலிருந்து போகவில்லை. இதுவரை நாலு நாள் 'வர மறுத்தார்' என்று வருகைப் பதிவில் விழுந்திருக்கிறது.

நீ சொன்னதை நான் சும்மா விடவில்லை. மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது தையல் ஊசியை எடுத்து அந்தத் தழும்பின் நடுவில் குத்திப் பார்த்தேன். அசையவே இல்லை. பயந்துபோய் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அப்போதும் இல்லை. அந்த மட்டில் நீ சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விளக்கெண்ணெய் தடவ அந்த விரல்களை ஒரு அங்குலம் விரித்தால் மனுஷன் என் தோளை இறுகப் பிடித்துக்கொள்கிறார். கை கழுவி ஈரம் காய்ந்தால் போதும், தோல் சுருங்கிக்கொண்டு விரலை உள்ளே இழுக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். சோறு பிசைய முடியவில்லை. இடது கையால் தின்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறார். இதெல்லாம் வலி இல்லாத கையா?

ஏன் சிரித்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். "குத்துனா வலிக்கல. வலிக்காததுக்கு அழுவணுமா?" என்றார். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

டாக்டரிடம் தான் சொன்ன வார்த்தை அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "கை கட்டையாப் போச்சுங்க, விரிக்க முடியல." இவ்வளவுதான் சொன்னாராம். அந்தக் கட்டையை நீ இங்கிலீஷில் என்னவாக்கினாய்? சுற்றி வளைக்காதே. அந்த ஒரு வார்த்தையை எழுது.

அம்சவல்லி


பண்ருட்டி
5-4-1963

அம்சா,

பதில் போட இரண்டு வாரமாகிவிட்டது. வேலை அதிகம் என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். வேலை ஒன்றும் அதிகமில்லை.

கட்டை என்று மாப்பிள்ளை சொன்ன அந்த விறைப்புக்கு இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அந்த டாக்டர் அசைய மாட்டார், தினம் பத்துப் பேர் விறைப்பு என்று வந்து நிற்கிறார்கள் என்று தோன்றியது. கொஞ்சம் பலமாகச் சொன்னால் மாப்பிள்ளைக்கு லேசான வேலை கிடைக்கும் என்று நினைத்து, "ஹேண்ட் டெட் சார்" என்றேன். கை செத்துப்போய்விட்டது என்று. நல்லது செய்கிறோம் என்றுதான் சொன்னேன், நம்பு. செத்த கை என்றால் இரங்குவார் என்று நான் கணக்குப் போட்டேன். செத்த கைக்கு வலி ஏது என்று அவர் கணக்குப் போட்டு, ஊசியை எடுத்துவிட்டார்.

முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்கலாம். எழுதக் கை வரவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

இன்னொன்று. இங்கே முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அந்தக் கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் தோலெல்லாம் வெந்து, கறுத்து, தடித்துப் போயிருக்கும். போன வாரம் பட்டம்மாள் என்று ஒருத்தி வந்தாள். உன் கடிதம் மனதில் உறுத்திக்கொண்டிருந்ததால், தடித்த இடத்தில் ஊசியை வைத்து அழுத்தினேன். அவள் பாட்டுக்கு மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதே விரலைப் பிடித்து நிமிர்த்தினேன். "அடப்பாவி" என்று கையை உதறிக்கொண்டு அழுதுவிட்டாள். அவளை நான் எப்படிச் சமாதானம் செய்தேன் என்பது வேறு கதை.

ஆறு வருஷம் கட்டுப் போட்டும் இது எனக்குத் தெரியவில்லை. ஊசி நுழைகிற வலி வேறு, தோல் இழுக்கிற வலி வேறு. ஒன்று இல்லை என்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது. தோல் தடித்துவிட்டால் ஊசியின் அழுத்தம் உள்ளே போய்ச் சேருவதில்லை. அந்தத் தோல் நீண்டும் கொடுப்பதில்லை. விரலை விரித்தால் இழுப்பு முழுவதும் எங்கே போய் விழுகிறது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வைத்திலிங்கம்


வடக்குத்து
12-4-1963

அண்ணா,

உன் கடிதத்தை ராஜாம்பாள் அக்கா வீட்டுக் கொல்லையில் நின்று படித்தேன். படித்துவிட்டு வாளியை எட்டி உதைத்தேன். காலில் பட்டதுதான் மிச்சம்.

கட்டை என்ற ஒரு வார்த்தையை அப்படியே சொல்ல உனக்கு என்ன கேடு? உன்னை யார் அதிகம் சொல்லச் சொன்னது? அவர் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்கிற ஆள், நீ ஒரு வார்த்தை கூட்டிச் சொல்கிற ஆள். இரண்டு பேருக்கும் நடுவில் என் குடும்பம் தெருவில் நிற்கப் போகிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை.

இழுப்பு எங்கே விழுகிறது என்று கேட்டிருக்கிறாயே, ஒரு ரவிக்கையைக் கையில் எடுத்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். பழைய ரவிக்கையில் கனத்த துணியை ஒட்டுப் போட்டால் அந்த ஒட்டு கிழிகிறதா? ஒட்டைச் சுற்றியிருக்கிற பழைய துணிதான் கிழிகிறது. அவர் கையும் அப்படித்தான் வெடித்தது. நடுவில் வெடிக்கவில்லை, ஓரத்தில் வெடித்தது. வலிக்கிறது என்று அவர் காட்டுவதும் ஓரத்தைத்தான். ஏழு குத்தும் நடுவில் குத்திய உங்கள் டாக்டர் ஒரு குத்தாவது ஓரத்தில் குத்தினாரா?

சோமசுந்தரம் அண்ணன் யார் யாரையோ பிடித்து, மே இரண்டாம் தேதி வியாழக்கிழமை மறுபடி கையைப் பார்க்க டாக்டரை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். அன்றைக்கும் வலி இல்லை என்று எழுதிவிட்டால் லிஸ்டில் பெயர் இல்லை. சொந்த ஊர் கம்மாபுரத்துக்குத் திரும்பிப் போய்க் கூலிக்கு ஏர் பிடிக்கலாம் என்றால் அதற்கும் அந்தக் கை வேண்டும்.

நீ செய்த தப்பை இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. மழுப்பாமல் எழுது.

அம்சவல்லி


பண்ருட்டி
22-4-1963

அம்சா,

காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை கொளஞ்சியப்பன் சொன்னது ஒன்று, அப்போது கட்டுப் போடும் வேலையில் இருந்த நான் மாற்றிச் சொன்னது வேறு என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். தவறு இருக்கக் கூடாதே என்று எங்கள் டாக்டரிடம் காட்டினேன். படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இனி இங்கிலீஷ் கடிதங்களைத் தாமே எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். போகட்டும்.

உன் ரவிக்கை விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. பட்டம்மாளைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி வரவழைத்தேன். விரலை மெல்ல நிமிர்த்தும்போது தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்துவதற்கு முன்னாலேயே, தடித்த தோலும் நல்ல தோலும் சேருகிற கோட்டில் ரத்தம் வற்றி வெளுக்கிறது. விட்டால் சிவக்கிறது. மறுபடி நிமிர்த்தினால் மறுபடி வெளுக்கிறது. வலி கண்ணுக்குத் தெரியாது. இது தெரியும். இதில் நடிக்கவும் முடியாது. இதைத்தான் அங்கே அந்த டாக்டருக்குக் காட்ட வேண்டும்.

இப்போது சொல்வதற்கு என்னைத் திட்டாதே. முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமையிலிருந்து எண்ணெய் போடாதே. எண்ணெய் போட்டால் தோல் இளகி, நன்றாக விரிந்துவிடும். டாக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். இரண்டு நாள் காயவிட்டால்தான் தெளிவாகத் தெரியும்.

நானே வந்து பக்கத்தில் நிற்கட்டுமா?

வைத்திலிங்கம்


வடக்குத்து
27-4-1963

அண்ணா,

நீ வர வேண்டாம். உன்னைப் பார்த்தால் அவர் எழுந்து போய்விடுவார்.

எண்ணெய் போடாதே என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். வெயில் இப்போதே தகிக்கிறது. காலையில் போட்ட எண்ணெய் பதினோரு மணிக்கெல்லாம் வற்றிப்போகிறது. அந்தக் கையை இரண்டு நாள் காயப்போட்டால் என்னவாகும் என்று தினம் தடவுகிற எனக்குத் தெரியும். இருக்கிற வலியை நம்பவைக்க இன்னும் கொஞ்சம் வலியைச் சேர்க்க வேண்டுமாம். இது என்ன நியாயம்? யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நாடார் கடையில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லப் போகிறேன்.

அம்சவல்லி


வடக்குத்து
4-5-1963

அண்ணா,

வியாழக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

நானும் கூடப் போனேன். பெண்பிள்ளை உள்ளே எதற்கு என்று வாசலில் கேட்டார்கள். காதில் விழாதவள் போல உள்ளே போய் நின்றுகொண்டேன். இரண்டு நாள் எண்ணெய் இல்லாமல் விரல்கள் மூடிக்கொண்டிருந்தன. புதன்கிழமை இரவு அவர் உட்கார்ந்தே விடிய வைத்தார். எண்ணெய் கிடைத்ததா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

டாக்டர் உன் காகிதத்தை வாங்கி, படிக்காமல் மைக்கூட்டின் கீழே வைத்தார். அதே ஊசியை எடுத்து அதே நடுவில் குத்தினார். இவர் ஆடாமல் அசையாமல் நிற்கிறார். உன் இடத்துக்கு வந்திருக்கும் ஆள், வலிக்கிறதா என்று கேட்டார். "ஊசி வலிக்கலீங்க" என்றார் இவர். பொய் சொல்லத் தெரியாத வாய் அது. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அவர் எழுதத் தொடங்குமுன் நான் மேஜைக்குப் போய் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் போடும்போது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று என் விரல்களுக்குத் தெரியும். இரண்டு மாதமாகத் தினமும் நிறுத்திய இடம். அந்த இடத்தைத் தாண்டி விரித்தேன்.

கட்டைவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் தழும்பின் ஓரம் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல் வெளுத்தது. இவர் இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்தார். நெற்றி முழுக்க வியர்வை. அப்போதும் கத்தவில்லை. "வேணாம் புள்ள" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். டாக்டர் பார்க்கிற வரைக்கும் நான் விடவில்லை.

டாக்டர் எழுந்து வந்தார். கையைத் தாமே வாங்கி மெல்ல விரித்தார். வெளுத்ததும் நிறுத்தினார், விட்டார், மறுபடி விரித்தார். விரித்தபடியே ஊசியை அந்த ஓரத்தில் லேசாகத் தொட்டார். இவர் துள்ளிவிட்டார். அதற்கப்புறம்தான் உன் காகிதம் மைக்கூட்டின் கீழேயிருந்து வெளியே வந்தது. டாக்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு அரைப் பக்கம் எழுதினார். தோல் இறுகியிருக்கிறது, விரித்தால் கடுமையான வலி, மம்மட்டி பிடிக்கக் கூடாது, மூன்று மாதத்துக்கு வேறு வேலை. நிலக்கரிக் குவியலுக்குத் தண்ணீர் அடிக்கிற இடத்தில் குழாய் திறந்து மூடுகிற வேலை தந்திருக்கிறார்கள். இடது கையே போதும். வராத நாட்களையும் சரி செய்துவிட்டார்கள். லிஸ்டில் பெயர் இருக்கிறது என்று சோமசுந்தரம் அண்ணன் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

சந்தோஷப்பட வேண்டும். படவில்லை, ஏனென்று தெரியவில்லை.

அம்சவல்லி


பண்ருட்டி
8-5-1963

அம்சா,

உன் கடிதத்தை எங்கள் டாக்டருக்கே படித்துக் காட்டினேன். உன் தங்கையை இங்கே கம்பவுண்டராக அனுப்பு என்றார். கேலிதான், ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

மாப்பிள்ளையிடம் என் தப்பை நீயே சொல்லிவிடு. இனி மறைக்க என்ன இருக்கிறது? எண்ணெயை மட்டும் மறுபடி தொடங்கிவிடு, ஒரு நாளும் விடாதே. நான் எப்போது வரலாம் என்று கேட்டு எழுது.

வைத்திலிங்கம்


வடக்குத்து
20-5-1963

அண்ணா,

எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். உன் 'டெட்' வார்த்தை, ராஜாம்பாள் அக்கா விலாசம், கடையில் எண்ணெய் தீர்ந்த பொய், எல்லாம். கத்துவார் என்று பார்த்தேன். கேட்டுவிட்டு இடது கையால் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

எண்ணெயைத் தொடங்கு என்று எழுதியிருந்தாய். தொடங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலை எண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் தொடுவதற்கு முன்னாலேயே அவர் கை பின்னால் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. பதினெட்டு நாளாக அப்படியே. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நீட்டத்தான் பார்க்கிறார், முகத்தில் தெரிகிறது. என் விரல் பக்கத்தில் வந்ததும் கை இழுத்துக்கொள்கிறது. "நான் இன்னா பண்ணட்டும் புள்ள, அதுவா இழுத்துக்குது" என்றார். தானே இடது கையால் தடவிக்கொள்கிறார். அது சரியாக ஏறுவதில்லை. விரல்கள் மறுபடி மூடிக்கொண்டே வருகின்றன.

நேற்று சாப்பிட்டு முடித்தபின் அவராகவே பேச்செடுத்தார். "ஒங்கண்ணனுக்கு ஞாயித்துக்கிழமை லீவுதானே. வரச் சொல்லு. அவரு எண்ண போட்டுவுட்டாருன்னா கை இழுக்காம நிக்கும்" என்றார். படி ஏறக் கூடாது என்றீர்களே என்று கேட்டேன். "அவரு வாயிதான் தப்பா சொல்லிச்சு. கட்டுப் போட்ட நாளெல்லாம் அவரு கை நம்மள ஒண்ணும் பண்ணல" என்றார்.

வலி இல்லை என்று எழுத வைத்தவன் நீ. இருக்கிறது என்று நிரூபித்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடு. கட்டைவிரலின் அடியில் ஆரம்பித்து, ஓரத்தோடு போய், வெளுக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்து. எண்ணெயை நான் காய்ச்சி வைத்துவிட்டு அடுப்படியில் இருந்துகொள்கிறேன்.

உன் மேல் இப்போது கோபம் இல்லை அண்ணா. பொறாமையாக இருக்கிறது.

அம்சவல்லி